உருதுக் காதல் கதைகளைத் தமிழில் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமீபத்தில் இரண்டு பேர் தங்கள் மொழிபெயர்ப்புகளைக் காட்டினார்கள். பல வருடங்களுக்கு முன் நான் சறுக்கிய அதே இடங்களில் அவர்களும் சறுக்கியிருந்தார்கள். எழுத்துப்பிழையை அவர்களே திருத்திக்கொள்வார்கள். இவற்றை மட்டும் சொல்கிறேன்.

பரியைத் தேவதை ஆக்குவது

மீர் ஹசன் 1785 வாக்கில் முடித்த 'சிஹ்ருல் பயான்' என்ற உருது மஸ்னவியை (நீண்ட கதைப்பாடலை) ஒரு சிறுவர் இதழுக்குத் தொடராக எழுதினேன். மொட்டைமாடியில் தூங்கும் இளவரசன் பேநசீரைப் பார்த்து ஆசைப்பட்டு, மாஹ்ருக் என்ற பரி தூக்கிப்போகிறாள். தமிழில் பரி என்றால் குதிரை. கதையில் பறக்கும் குதிரை வேறு வருகிறது. குழப்பம் வேண்டாமென்று 'தேவதை' என்று மாற்றினேன். ஓவியர் வெள்ளைச் சிறகும் மந்திரக்கோலும் வரைந்தார். பேநசீர் பத்ரே முனீர் என்ற இளவரசியைக் காதலிப்பது தெரிந்ததும் மாஹ்ருக் அவனைக் கிணற்றில் அடைக்கிறாள். நல்ல தேவதை ஏன் இப்படிச் செய்தாள் என்று பிள்ளைகள் கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. தொடர் பாதியில் நின்றது, மூன்று மாத உழைப்பும் போயிற்று. இன்றும் அந்தச் சொல்லைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

பரிகள் ஜின்களைப் போல மனிதரல்லாத ஓர் இனம். அழகும் ஆற்றலும் உண்டு, ஆசையும் பொறாமையும் கூடவே உண்டு. நமக்குத் தெரிந்த குலேபகாவலிக் கதையில் பகாவலியும் பரிதான். அவள் இந்திரசபையில் ஆடுகிறாள். மனிதனைக் காதலித்ததற்காக இடுப்புக்குக் கீழே கல்லாகும்படி இந்திரன் சபிக்கிறான். பாரசீகத்துப் பரி நம் இந்திரனுக்குக் கட்டுப்பட்டு நிற்கும் அந்த அழகைத் 'தேவதை' மூடிவிடுகிறது. முதல் இடத்தில் 'பரி இனத்துப் பெண்' என்று எழுதுங்கள், போதும். அப்புறம் வாசகர் பழகிக்கொள்வார்.

தேவ்

உருதுக் கதையில் 'தேவ்' என்று வந்தால் தேவன் அல்ல, அரக்கன்.

லைலா மஜ்னூன்

உருதுவிலேயே பிறந்தது என்று எழுதாதீர்கள். அரபு நாட்டுக் கதை. உருதுக்குப் பாரசீகம் வழியாக வந்தது.

நான்கு தர்வேஷ்களின் கதை

தர்வேஷ் என்றால் துறவி. இந்தக் கதையைக் 'கவிஞர் அமீர் குஸ்ரோ எழுதியது' என்று போடாதீர்கள். இதை உருதில் 'பாகோ பஹார்' என்று எழுதிய மீர் அம்மன் அதன் முன்னுரையில் அப்படிச் சொன்னாலும் ஆய்வாளர்கள் ஏற்கவில்லை.

நஜ்முன்னிசாவை வெட்டுவது

'சிஹ்ருல் பயான்' கதையைச் சுருக்குகிறவர்கள் முதலில் கைவைப்பது இவள்மேல்தான். காதலர் இருவர் போதுமே என்ற நினைப்பு. மந்திரியின் மகளான இவள் தோழி பத்ரே முனீருக்காக ஜோகினி (பெண் துறவி) வேடம் போட்டு, வீணையோடு காட்டுக்குப் போகிறாள். அந்த இசையில் மயங்கிய ஜின் அரசனின் மகன் ஃபிரோஸ் ஷா என்பவன்தான் பேநசீரை மீட்கிறான். இவளை எடுத்துவிட்டால் கிணற்றிலிருந்து அவன் வெளியே வர வழியே இல்லை.