கேள்வி-பதில் தளம்: திறக்கலாமா, பொறுக்கலாமா?

உயர்தரப் பரீட்சைக்குத் தமிழில் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி-பதில் தளம் வேண்டும் என்று கொழும்பு வெள்ளவத்தையில் யாராவது சொன்னால் போதும், அடுத்த வாரமே டொமைன் வாங்கி, லோகோ போட்டு, வட்ஸ்அப் குழுவெல்லாம் 'விரைவில்' என்று அனுப்பிவிடுவார்கள். யோசனையில் பிழை இல்லை. ஆனால் மென்பொருள் ஓடத் தொடங்கிய நாளே திறப்பு நாளாகிவிடுகிறது, பதில் சொல்ல ஆள் இருக்கிறதா என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

தளம் கட்டுவதற்கு முன்பே மாதிரிக் கேள்விகளைச் சேருங்கள். பல துறைகளுக்குக் கேள்வி-பதில் தளங்கள் நடத்துகிற ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் 2010இல் ஏரியா 51 என்று ஓர் இடத்தை இதற்காகவே திறந்தது. புதுத் தளம் ஒன்றை முன்மொழிந்தால் குறைந்தது 60 பேர் அதைப் பின்தொடர வேண்டியிருந்தது, மாதிரிக் கேள்விகளில் 40க்காவது எதிர்வாக்கு கழித்துத் தலா 10 வாக்கு விழ வேண்டியிருந்தது. ஒருவர் 5 கேள்விக்கு மேல் போட முடியாமல் இருந்தது. எனக்குப் பிடித்தது இந்தக் கடைசி விதிதான், ஏனென்றால் ஆர்வக்கோளாறு உள்ள ஒருவர் இரவோடு இரவாக நாற்பதையும் தானே எழுதி முடித்துவிட முடியாது. உங்களுக்கு இதற்கு ஒரு கூகுள் ஷீட் போதும்.

வந்த கேள்விகளைச் சலித்துப் பாருங்கள். 'பௌதிகவியலில் ஏ எடுக்க என்ன செய்வது?' என்பதற்கு வாக்கு அள்ளும், ஆனால் அதில் தளம் ஓடாது. 'கோளம் வழுக்காமல் உருளும்போது உராய்வு வேலை செய்யவில்லை என்றால் சுழற்சி இயக்கசக்தி எங்கிருந்து வருகிறது?' என்று ஒரு பிள்ளை கேட்டால் அதுதான் சரக்கு. இப்படியான கேள்வி பாதியாவது இல்லாவிட்டால் பொறுங்கள். எல்லையில் நிற்கிற கேள்விகளுக்கும் முதலே ஒரு முடிவு வேண்டும். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் ஸ்கோரைச் சொல்லி 'இந்த இசட் ஸ்கோருக்கு மொறட்டுவ கிடைக்குமா?' என்று கட்டாயம் கேட்பார்கள். வெட்டுப்புள்ளி பாடநெறிக்கும் மாவட்டத்துக்கும் ஆண்டுக்கும் மாறுகிறது, இன்று எழுதிய பதில் அடுத்த வருடம் பிழையான பதிலாக அங்கேயே கிடக்கும். நானென்றால் இதை உள்ளே விடமாட்டேன். நீங்கள் விடலாம், ஆனால் திறந்த பிறகு அதைப் பற்றிச் சண்டை பிடிக்காதீர்கள்.

அடுத்தது ஆட்கள். ஏரியா 51இல் 200 பேர் 'நான் வருவேன்' என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது, அதில் 100 பேர் வேறு ஏதாவது ஒரு ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் தளத்தில், நல்ல கேள்வி பதிலுக்குக் கிடைக்கிற மதிப்புப் புள்ளி 200க்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டியிருந்தது, அதாவது பாதிப் பேர் ஏற்கெனவே இந்த வேலையைச் செய்து பழகியவர்கள். கொழும்பில் தமிழில் தொடங்குகிற உங்களுக்கு 200 தேவையில்லை, ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படிப் பழகியவர்களாக இருக்க வேண்டும். மொறட்டுவ, பேராதனை, யாழ்ப்பாணம் என்று போன அண்ணன்மார் அக்காமாரைக் கேளுங்கள், ரியூசன் ஆசிரியர்களையும் கேளுங்கள். எல்லோரும் 'ஓம், கட்டாயம்' என்பார்கள். அந்த ஓமை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். அறிவிப்பு ஒன்றும் இல்லாமல் ஒரு வேலைநாளில் ஐந்து கேள்வியை அனுப்பிவிட்டு இரண்டு நாள் பாருங்கள், யார் எழுதி அனுப்புகிறார்களோ அவர்கள்தான் உங்கள் ஆட்கள். சில ஆசிரியர்கள் 'விளக்கம் வேண்டுமென்றால் வகுப்புக்கு வாங்கோ' என்று தொலைபேசி இலக்கத்தோடு பதில் அனுப்புவார்கள், அவர்களையும் அப்போதே அடையாளம் கண்டுவிடலாம்.

பிறகு ஓரிரு வாரம் அழைத்தவர்களுக்கு மட்டும் திறந்து வையுங்கள். ஏரியா 51 தன் சோதனைத் தளங்களை அளந்த முறையில் 90 வீதம் கேள்விக்குப் பதில் இருந்தால் நலம், 80 என்றால் வேலை பாக்கி. ஒரு கேள்விக்குச் சராசரி 2.5 பதில் வந்தால் நல்லது, ஒன்றுதான் என்றால் கவலை. நாளொன்றுக்கு எத்தனை கேள்வி என்றும் பார்த்தார்கள், ஆனால் சின்னத் தமிழ்த் தளத்துக்கு அந்த எண்ணைப் பிடித்துத் தொங்க வேண்டாம், பதில் வீதத்தைப் பாருங்கள். இன்னொன்றும் இருக்கிறது. பதில்களில் பாதிக்கு மேல் ஒரே ஆள் எழுதியிருந்தால் அவரை ஒரு வாரம் சும்மா இருக்கச் சொல்லிப் பாருங்கள். அந்த வாரத்தில் தளம் படுத்துவிட்டால் உங்களிடம் இருப்பது ஒரு நல்ல ஆசிரியர், சமூகம் இன்னும் உருவாகவில்லை.

கைபேசியிலும் சோதியுங்கள். பிள்ளைகள் கடந்தகால வினாத்தாளைப் படம் பிடித்துப் போட்டுவிட்டு 'இது எப்படி?' என்பார்கள், படத்தில் உள்ளதைத் தேடலில் பிடிக்க முடியாது. ஆசிரியர்களின் குறிப்புகள் பல இன்னும் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன, அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும், யூனிகோடுக்கு மாற்றித்தான் போட வேண்டும். சமன்பாடு எழுதுகிற வழியையும் ஒருமுறை கைபேசியில் தட்டிப் பாருங்கள், உங்களுக்கே அலுத்தால் பிள்ளைக்கு அலுக்காதா?

எப்போது திறப்பது? பரீட்சை நெருங்கும் மாதங்களில் கேள்வி கொட்டும், பதில் சொல்ல ஆள் இருக்காது. பரீட்சை முடிந்த கையோடு திறப்பதே என் தெரிவு. எழுதி முடித்துப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிற பிள்ளைகளுக்குப் பாடம் தலையில் சூடாக இருக்கும், நேரமும் இருக்கும். ஒவ்வொரு வருடமும் அந்த அணி கலைந்துபோகும் என்பதால் அடுத்த அணியைப் பிடிக்க இப்போதே ஒருவரைப் பொறுப்பு வையுங்கள்.

இதெல்லாம் பார்த்தும் ஆள் போதவில்லை என்றால் விரித்துத் திறக்காமல் சுருக்குங்கள். இணைந்த கணிதம் ஒன்றோடு மட்டும் தொடங்கினாலும் சரிதான். உயிரியல்காரர் கோபிப்பார்கள், அவர்களிடம் 40 நல்ல கேள்வியும் பதில் சொல்ல ஆட்களும் கொண்டுவரச் சொல்லுங்கள்.