ரத்தப் புற்றுநோயும் தடுப்பூசியும்: நாள் பார்த்துப் போடுவது எப்படி?

எனக்கு இருப்பது நாள்பட்ட லிம்போசைட்டிக் லுகீமியா. கிருமியை எதிர்க்கும் புரதமான ஆன்டிபாடியைத் தயாரிக்க வேண்டிய பி செல்கள் என்னும் வெள்ளை அணுக்களே கெட்டுப்போகிற ரத்தப் புற்றுநோய். ஆகவே தடுப்பூசி போட்டாலும் ஆன்டிபாடி போதிய அளவு உருவாகாமல் போகலாம். "பிறகு எதற்கு ஊசி?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: அரைகுறைப் பாதுகாப்பும் பாதுகாப்புதான். தவிர, ஆன்டிபாடி வராத சிலருக்கும், கிருமியை எதிர்க்கும் இன்னொரு வகை வெள்ளை அணுக்களான டி செல்கள் விழித்துக்கொள்கின்றன.

எல்லாம் தேதியில்தான் இருக்கிறது. சிகிச்சைத் தேதிகளை, முக்கியமாக ரிட்டுக்ஸிமாப் ஏற்றிய நாள்களை, ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்த மருந்து பி செல்களை வழித்தெடுத்துவிடும். அவை மீண்டும் தலைகாட்டப் பல மாதங்கள் ஆகும். சிகிச்சை இனிமேல்தான் என்றால் குறைந்தது 2 வாரம், முடிந்தால் 4 வாரம் முன்பே ஊசிகளை முடித்துக்கொள்ளுங்கள். ரிட்டுக்ஸிமாப் ஏற்றியாகிவிட்டதென்றால் கடைசித் தவணையிலிருந்து 6 மாதமாவது பொறுக்கச் சொல்வார்கள். ஃப்ளூ பரவும் காலம் நெருங்கிவிட்டால் மருத்துவர் அவ்வளவு காத்திருக்க விடமாட்டார். இப்ருடினிப் போன்ற தினசரி மாத்திரைக்காரர்களுக்கு இந்த இடைவெளி கிடைக்காது. ஊசிக்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சட்டைக் கையை மடிப்பதற்கு முன், "இது உயிருள்ள கிருமியால் ஆனதா?" என்று கேளுங்கள். தட்டம்மை, சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிகளும் மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ மருந்தும் அந்த வகை, நமக்கு ஆகாது. அக்கிக்கான ஷிங்ரிக்ஸில் உயிருள்ள கிருமி இல்லை. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைவாக இருந்தால் மெல்லிய ஊசி கேளுங்கள். போட்ட இடத்தைத் தேய்க்காமல் 2 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். குருத்தணு (ஸ்டெம் செல்) மாற்றம் செய்துகொண்டவர்கள் சிறுவயதுத் தடுப்பூசிகளையே மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

ஆன்டிபாடி பரிசோதனைத் தாளைப் பார்த்துத் துள்ளவும் வேண்டாம், துவளவும் வேண்டாம். இம்யூனோகுளோபுலின் (பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஆன்டிபாடி மருந்து) ஏற்றிக்கொள்பவருக்கு அந்த எண்ணில் தெரிவது ரத்தம் கொடுத்தவர்களின் ஆன்டிபாடியாகவும் இருக்கலாம்!

வீட்டிலுள்ளவர்கள் தங்கள் ஊசிகளைத் தவறாமல் போட்டுக்கொள்ளட்டும். நம் உடலில் எடுபடாதது அவர்கள் உடலில் நன்றாகவே எடுபடும்.

இவ்வளவுக்குப் பிறகும் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரை அழைத்துச் சொல்லுங்கள். ஃப்ளூ மருந்தை 48 மணி நேரத்துக்குள்ளும் கோவிட் மாத்திரையை 5 நாளுக்குள்ளும் தொடங்குவது நல்லது. கோவிட் மாத்திரையிலுள்ள ரிட்டோனாவிர், இப்ருடினிப்புடனும் இந்நோய்க்கான இன்னொரு மாத்திரையான வெனிட்டோகிளாக்ஸுடனும் மோதும். ஆகவே நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் முதலிலேயே காட்டிவிடுங்கள்.