குபோ வீடியோவைப் பகிரும் முன்

ஜப்பான் கால்பந்து வீரர் டகேஃபுசா குபோவின் வீடியோ ஒன்றை முழுசாகப் பார்த்துவிட்டால் போதும், மறுநாளிலிருந்து ஃபீட் முழுக்க அவர்தான். வலது ஓரத்தில் பந்தை வாங்குவார், இடது காலால் உள்ளே திருப்புவார், பின்னணியில் ஒரு பாட்டு, கீழே ‘ஜப்பானிய மெஸ்ஸி’ என்று ஒரு வரி. நானும் அவர் ரசிகன்தான். ஆனாலும் எதையும் பகிரும் முன் கொஞ்சம் சோதித்துப் பார்ப்பேன்.

முதலில் சட்டையைப் பாருங்கள். தேதி போடாத கிளிப்புக்குச் சட்டைதான் தேதி; ஸ்பெயினில் அவர் எந்த கிளப்புக்கு ஆடினார் என்பதை நிறமே சொல்லிவிடும். சிவப்பு என்றால் மயோர்கா. 2019-20 சீசன், இல்லையென்றால் 2021-22. மஞ்சள் வியாரியல், 2020 கடைசி. முழு நீலம் கெடாஃபே, 2021 தொடக்கம். நீலமும் வெள்ளையும் பட்டை பட்டையாக இருந்தால் ரியல் சோசியடாட், அதாவது 2022 ஜூலைக்குப் பிறகு. வெளி மைதானத்தில் ஆடும்போது நிறம் மாறும் என்பதால் மார்பில் இருக்கும் சின்னத்தையும் பார்த்துவிடுங்கள்.

வெள்ளைச் சட்டையில்தான், அதாவது ரியல் மாட்ரிட் சட்டையில்தான், நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 2019இல், 18 வயதில், குபோ அங்கே சேர்ந்தது உண்மை. ஆனால் முதல் அணிக்கு அவர் ஆடியதெல்லாம் சீசனுக்கு முந்தைய நட்பு ஆட்டங்கள்தான். ஸ்பெயினின் முதல்நிலை லீக்கான லா லிகாவில் மாட்ரிட்டுக்காக ஒரு நிமிடம்கூட இறங்கவில்லை. லோனில், அதாவது கடனாக அனுப்பப்பட்டு, வேறு கிளப்புகளில்தான் காலம் போனது. ‘மாட்ரிட்டில் குபோ அடித்த லீக் கோல்கள்’ என்று தலைப்பு இருந்தால் தள்ளிவிட்டுப் போங்கள்.

அந்த மெஸ்ஸி பட்டம் சின்னப் பையனாக இருந்தபோதே ஒட்டிக்கொண்டது. 2011இல் பார்சிலோனா கிளப்பின் சிறுவர் அகாடமியான லா மாசியாவில் சேர்ந்தார். வெளிநாட்டுச் சிறுவர்களைச் சேர்த்த விதிமீறலுக்காக ஃபிஃபா அந்த கிளப்பைத் தண்டித்ததால், ஆட முடியாமல் 2015இல் ஜப்பான் திரும்பி எஃப்சி டோக்கியோவில் சேர்ந்தார். பத்து வயதுப் பையன் மீது வைத்த பாரத்தை இன்னும் இறக்கிவைக்க மனமில்லை நமக்கு.

அடுத்து, ‘ஜெர்மனியையும் ஸ்பெயினையும் வீழ்த்திய குபோ’ வகைப் பதிவுகள். 2022 உலகக் கோப்பையில் அந்த இரண்டு ஆட்டத்திலும் ஜப்பான் 2-1 என்று ஜெயித்தது; இரண்டிலும் தொடக்கத்திலிருந்து குபோ ஆடினார். ஆனால் இரண்டிலும் இடைவேளையில், அணி 0-1 என்று பின்தங்கியிருந்தபோது, வெளியே எடுக்கப்பட்டார். சமன் செய்த இரண்டு கோல்களும் சக வீரர் ரிட்சு டோவானுடையவை. பதிவு போடுபவர்கள் ஸ்கோரை மட்டும் பார்க்கிறார்கள் போல.

சரி, ஆள் நிஜமாகவே எப்படி என்று தெரிய வேண்டுமா? ஒரு முழு ஆட்டத்தைப் போட்டு, இருபது நிமிடம் பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் கவனியுங்கள். இரண்டு பேர் நெருக்கும்போது பந்தை எத்தனை முறை இழக்கிறார், இழந்ததும் திரும்ப ஓடுகிறாரா, உள்ளே திருப்ப வழியில்லாதபோது வலது காலை நம்புகிறாரா? கிளிப் இதையெல்லாம் வெட்டிவிடும். அவர் மேல் எனக்கு மதிப்பு கூடியது கோல்களால் அல்ல, அந்த ஓட்டத்தால்தான்.

தேடும்போது ஜப்பானிய எழுத்தில் உள்ள பெயரை ஒட்டித் தேடிப் பாருங்கள். உள்ளூர் ரசிகர்கள் போடும் நீளமான ஆட்டப் பதிவுகள் அப்படித்தான் கிடைக்கும்.

அப்புறம் டிரான்ஸ்பர் வதந்தி. ஒவ்வொரு கோடையிலும் அவரை ஏதாவது ஒரு பெரிய கிளப்புக்கு அனுப்பி, போட்டோஷாப்பில் சட்டையும் மாட்டிவிடுவார்கள். வாங்குகிற கிளப்போ விற்கிற கிளப்போ தன் பக்கத்தில் போடும்வரை நான் லைக்கூடப் போடுவதில்லை.