யாழ்ப்பாணத்தில் கார் சேல் தொடங்குகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

"இடம் பாத்தாச்சு அண்ணை, மெயின் ரோட்டுக் காணி. அண்ணன் கனடாவில இருந்து காசு அனுப்புறார். இனி வாகனத்தை இறக்க வேண்டியதுதானே?" இப்படிக் கேட்டுக்கொண்டு கடந்த ஒரு வருடத்தில் நாலைந்து பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். நான் கார் சேல் முதலாளி இல்லை, பன்னிரண்டு வருடமாக வாகனம் விற்கிறவர்களுக்குக் கடதாசி வேலை பார்த்துக்கொடுக்கிறவன். வாகனம் விற்காமல் நட்டப்பட்டவர்களை விட, விற்றும் நட்டப்பட்டவர்களைத்தான் நான் கூடுதலாகப் பார்த்திருக்கிறேன். வரி மாறும், டொலர் மாறும், லீசிங் விதி மாறும். அந்த மாற்றம் யார் தலையில் விழப்போகிறது என்று முதலே எழுதிவைக்காததுதான் எல்லாவற்றுக்கும் மேலான தவறு, மற்றவை அதற்குப் பிறகுதான்.

2018இல் கைதடிப் பக்கம் ஒரு ரீச்சர் சின்னக் கார் ஒன்றுக்கு ஓடர் கொடுத்து ஐந்து இலட்சம் முற்பணம் கட்டினார். அந்த வருடம் டொலர் 153 ரூபாய் அளவில் தொடங்கி 180ஐத் தாண்டிப் போனது. போதாததற்கு ஆகஸ்ட்டில் 1000 சிசிக்குக் குறைந்த கார்களின் உற்பத்தி வரியையும் உயர்த்தினார்கள். வாகனம் வந்தபோது முதலாளி பேசிய விலைக்கு மேல் நாலு இலட்சம் கேட்டார். ரீச்சர் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்திருந்த துண்டை எடுத்து மேசையில் விரித்தார். "காருக்காக முற்பணம் ரூபா 5,00,000 பெற்றுக்கொண்டேன்", ஒரு கையெழுத்து, ஒரு றப்பர் முத்திரை, அவ்வளவுதான். மொத்த விலை இல்லை, உற்பத்தி வருடம் இல்லை, எப்போது தருவோம் என்று இல்லை, வரி கூடினால் யார் கட்டுவது என்று இல்லை. "நான் பள்ளிக்கூடத்தில ஒரு பிள்ளைக்குக் கொப்பி குடுத்தாலும் எழுதி வாங்குறனான் தம்பி" என்று அவர் சொன்னது இன்றைக்கும் காதில் கிடக்கிறது, ஏனென்றால் அந்தத் துண்டை எழுதிக்கொடுத்தது நான்தான். முதலாளி ஏமாற்றுக்காரர் இல்லை, அவருடைய இலாபம் முழுக்கப் போனாலும் நாலு இலட்சம் வராது. கடைசியில் ஆளுக்குப் பாதி என்று முடிந்தது. ரீச்சருடைய தங்கச்சி பிறகு கார் வாங்கியது வேறு இடத்தில்.

அதற்குப் பிறகு நான் எழுதும் எந்த முற்பணப் பற்றுச்சீட்டிலும் மொத்த விலையும் அது எந்தத் திகதி வரி விகிதத்துக்கும் எந்த நாணய விகிதத்துக்கும் கணக்கிட்ட விலை என்பதும் இருக்கும். செசி இலக்கம் தெரிந்தால் அது, தெரியாவிட்டால் மாடலும் உற்பத்தி வருடமும் மாதமும். விகிதம் மாறினால் வித்தியாசத்தை யார் ஏற்பது, இத்தனை சதவீதத்துக்கு மேல் போனால் வாடிக்கையாளர் முழு முற்பணத்தையும் எடுத்துக்கொண்டு விலகலாமா, எத்தனை நாளுக்குள் காசு திரும்பும் என்பதெல்லாம் இருக்கவேண்டும். தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் அச்சடித்த படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு, பிறகு "நீங்கள் ஒப்பமிட்டதுதானே" என்று கேட்பது சரியில்லை.

சரி, இறக்குமதிக்கு வருவோம். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2024 டிசம்பரில் பயணிகள் பஸ் மாதிரியானவற்றுக்கு முதலில் திறந்து, 2025 பெப்ரவரி 1 முதல் தனியார் கார்களுக்கும் திறந்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஐந்து வருடம் அடைத்துக் கிடந்த கதவு என்பதால் நிறையப் பேர் வர்த்தமானியை வாசிக்காமலே உள்ளே ஓடினார்கள். திறந்தபோதே சேர்த்துப் போட்ட நிபந்தனை ஒன்று இருக்கிறது: இறக்கிய வாகனம் 90 நாளுக்குள் பதியப்படவேண்டும், தவறினால் அதன் சிஐஎப் பெறுமதியில் (வாகன விலையும் காப்புறுதியும் கப்பல் கூலியும் சேர்ந்தது) மாதம் 3 சதவீதம் தண்டம், உச்சம் 45 சதவீதம் வரை. கணக்குப் போட்டுப் பாருங்கள். சிஐஎப் 50 இலட்சம் என்றால் மாதம் ஒன்றரை இலட்சம், ஒரு காருக்கு. அப்படி மூன்று கார் முற்றத்தில் நின்றால் அந்த மாதம் நாலரை இலட்சம் போய்விடும். முன்னர் கார் சேல் நடத்தியவர்கள் "நல்ல விலை வரும்வரை வைத்திருப்போம்" என்று ஆறேழு மாதம் வாகனத்தை வைத்திருந்து விற்றார்கள். அந்தப் பழக்கத்தை இப்போது கொண்டுவந்தால் தாங்காது. அதுவும் யாழ்ப்பாணத்தில் இருக்கிற எங்களுக்கு அந்த 90 நாளில் கொஞ்சம் வழியிலேயே போய்விடும். வாகனம் இறங்குவது கொழும்பிலோ அம்பாந்தோட்டையிலோ, கிளியரிங் (சுங்கத்திலிருந்து விடுவிக்கும் வேலை) முடிந்து ஏ9 வீதியால், கொழும்பிலிருந்து என்றாலே ஏறக்குறைய 400 கிலோமீற்றர் ஏற்றிக்கொண்டு வரவேண்டும், வந்து கழுவிப் பொலிஷ் போட்டுக் காட்சிக்கு நிறுத்தும்போது முதல் மாதம் முடிந்திருக்கும்.

அப்புறம் மாடலைத் தெரிவுசெய்வதில் வரும் தவறு. எங்கள் நாட்டில் காருக்கு உற்பத்தி வரி பெற்றோல், டீசல் என்றால் சிசியை வைத்தும், மின்கார் என்றால் மோட்டாரின் கிலோவாட்டை வைத்தும் போடுகிறார்கள். மின்காருக்கு வயது ஒரு வருடத்துக்கு மேலா கீழா என்பதிலும் விகிதம் மாறும். அதாவது ஒரே மாதிரித் தெரியும் இரண்டு காருக்கு இலட்சக்கணக்கில் வித்தியாசம் வரலாம். 2025இல் திறந்தபோது 20 சதவீத சுங்கத் தீர்வை, அந்தத் தீர்வையின் மேல் 50 சதவீத மேலதிக வரி, உற்பத்தி வரி, பெறுமதி எல்லை தாண்டினால் சொகுசு வரி என்று போய், வாகனப் பெறுமதியோடு தீர்வைகளும் சேர்ந்த தொகைமேல் 18 சதவீதம் வற் (பெறுமதி சேர் வரி) என்று இருந்தது. அடியில் ஒரு எண் பிழைத்தால் மேலே எல்லாம் பிழைக்கும். 2025இல் ஒரு மின்கார் வகையின் மோட்டார் வலு 100 கிலோவாட்டா 150 கிலோவாட்டா என்ற கேள்வியில் சுங்கம் வாகனங்களைத் தடுத்துவைத்து, விடயம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. பெரிய கம்பனி என்றால் வங்கி உத்தரவாதம் வைத்து வாகனத்தை வெளியே எடுக்கும், வழக்கும் பேசும். கோண்டாவிலில் ஐந்து காருடன் தொடங்குகிறவரால் முடியாது. ஆகவே வெளிநாட்டு வாகன ஏலத்தில் கையை உயர்த்துவதற்கு முன்னர் அந்த மாடலின் உற்பத்தியாளர் விவரத்தாளைக் கிளியரிங் ஏஜெண்டிடம் காட்டி எந்த எச்எஸ் குறியீட்டில் (சுங்கம் பொருளை வகைப்படுத்தும் எண்) போகும் என்று எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸப்பில் "பிரச்சினை இல்லை அண்ணை" என்று வரும் பதில் எழுத்து ஆகாது.

இன்னொன்று, இதை நிறையப் பேர் கெட்டித்தனம் என்று நினைத்துச் செய்கிறார்கள். தனிநபர் 12 மாதத்துக்கு ஒரு வாகனம் இறக்கலாம் என்று விதியில் இருக்கிறது. உடனே மாமா பெயரில் ஒன்று, மச்சாள் பெயரில் ஒன்று, ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரின் பெயரில் ஒன்று என்று இறக்கி விற்கலாம் என்று போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 2025 ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து கார் பதியவும் பெயர் மாற்றவும் டின் நம்பர் (வரி செலுத்துநர் இலக்கம்) கட்டாயம், ஆகவே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிகிற பெயர் இறைவரித் திணைக்களத்துக்கும் தெரிகிற பெயர்தான். ஓய்வூதியத்தில் வாழுகிற மனுசனிடம் "ஒரு கோடி ரூபா வாகனத்துக்குக் காசு எங்கிருந்து வந்தது" என்று கடிதம் வந்தால் அவர் என்ன சொல்லுவார்? வெளிநாட்டுக் காசு என்றால் வங்கியால் வந்ததற்குத் துண்டு இருக்கவேண்டும். வங்கிக்கு வெளியே உண்டியலில் வந்த காசுக்குத் துண்டு எங்கே? கடையை உங்கள் பெயரில் அல்லது கம்பனியாகப் பதிந்து, அந்தக் கணக்கால் எல்சி (வங்கியின் கடன் கடிதம்) திறந்து, அந்தப் பெயரிலேயே இறக்குங்கள். இலாபம் குறையும்தான், ஆனால் சொந்தக்காரரின் நித்திரை கெடாது.

லீசிங் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் இங்கே விற்கும் கார்களில் பெரும்பகுதி லீசிங்கில்தான் போகிறது. மத்திய வங்கி 2025 ஜூலையில் கார், வான், ஜீப் வகைகளுக்குப் பெறுமதியில் 60 சதவீதம் வரைதான் கடன் என்று வைத்தது, நவம்பரில் அதை 50 சதவீதமாக்கியது. ஒரு கோடி இருபது இலட்சம் ரூபாக் காருக்கு 72 இலட்சம் லீசிங் கிடைக்கும் என்று நம்பி ஓடர் கொடுத்தவருக்குக் கார் வரும்போது 60 இலட்சம்தான். மிச்சம் 12 இலட்சத்தை அவர் எங்கே தேடுவார்? அந்த நேரம் சில விற்பனையாளர்கள் செய்கிற வேலை, காரின் விலையைப் பில்லில் ஒரு கோடி நாற்பத்தைந்து என்று கூட்டி எழுதி லீசிங் கம்பனிக்குக் கொடுப்பது. வாடிக்கையாளருக்கு உதவி செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் அது பொய்ப் பத்திரம். அத்தோடு பில்லில் எழுதிய தொகைதான் உங்கள் விற்பனை வருமானம் என்று இறைவரித் திணைக்களம் எடுக்கும், உங்கள் கைக்கு வராத இருபத்தைந்து இலட்சத்துக்கு நீங்கள் வரிக்கணக்குச் சொல்லவேண்டும். முற்பணம் வாங்கும் அன்றே வாடிக்கையாளரிடம் "லீசிங் விகிதம் குறைந்தால் மிச்சத்தைப் போட உங்களிடம் வழி இருக்கிறதா" என்று கேளுங்கள். இல்லை என்றால் ஓடரை எடுக்காதீர்கள்.

பழைய வாகனத்தை எடுத்து மாற்றிக் கொடுக்கிறவர்கள் ஓப்பன் பேப்பரில் விடுவது இன்னும் நிற்கவில்லை. விற்றவர் ஒப்பமிட்டுக் கொடுத்த வெற்றுப் படிவத்தோடு வாகனம் மூன்று கை மாறிப்போய், முறிகண்டியில் விபத்து நடந்தால் பொலிஸ் தேடி வருவது முதல் உரிமையாளர் வீட்டுக்கு. பெயர் மாற்றத்தை 14 நாளுக்குள் அறிவிக்கவேண்டும் என்பது சட்டம், அதை நீங்களே செய்துகொடுத்து அதன் பிரதியை விற்றவர் கையில் கொடுங்கள்.

காரைப் பற்றிச் சொல்லும் சொல்லுக்கும் சட்டம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் ஒரு பொருளின் தரம், பாவனை, வரலாறு பற்றிப் பிழையாகச் சொல்லி விற்பதைத் தடுக்கிறது. ரீகண்டிஷன் காரை (வெளிநாட்டில் ஓடிய பிறகு இறக்கியதை) "பிராண்ட் நியூ மாதிரி" என்று பேஸ்புக்கில் போடுவது, ஓடிய கிலோமீற்றரைக் குறைப்பது, ஏலத்தில் காரின் நிலையை எழுதித்தரும் ஏலத் தாளை மறைப்பது எல்லாம் இதற்குள் வரும். ஏலத் தாளை வாடிக்கையாளர் கேட்காமலே கொடுங்கள், அதில் கதவு மாற்றியது என்று இருந்தால் அந்தக் கதவைத் தொட்டுக் காட்டுங்கள். நான் பார்த்தவரை அப்படிக் காட்டியதால் விற்காமல் போன கார் குறைவு.

இடம் எடுப்பதில் ஒரு விடயம்தான் உண்மையில் பெரியது. வியாபார உரிமம் எங்கே எடுப்பது என்பதிலேயே தடுமாறுகிறார்கள். திருநெல்வேலியில் கடை போட்டவர் மாநகரசபைக்குப் போய் நின்றார், அது நல்லூர் பிரதேச சபை எல்லை. போய்க் கேட்டால் சொல்லிவிடுவார்கள், அது சின்னப் பிரச்சினை. ஆனால் கார் சேலுக்குப் பின்னால் கழுவுகிற இடமும் ஒயில் மாற்றுகிற இடமும் போடும்போது சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தை மறந்துவிடுகிறார்கள், அதைத்தான் நான் பெரிய தவறு என்கிறேன். எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது வெடிப்புகளால் இறங்கிக் கிணற்றுக்குப் போய்ச் சேரும். வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லாத எங்களுக்குக் கிணறுதான் எல்லாம். சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவு ஒயில் கிணறுகளில் கலந்ததை நாங்கள் கண்ணால் கண்டோம். வாளியில் அள்ளிய தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் படலம் மிதந்தது. அந்த வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. ஒரு கார் சேலின் பின்வளவு அவ்வளவு பெரியதில்லைதான். ஆனால் பக்கத்து வளவுக் கிணற்றுக்கு அது போதும். ஒயில் பிரிக்கும் தொட்டி கட்டுங்கள், நிலத்துக்குச் சீமெந்து போடுங்கள், கழிவு ஒயிலைப் பீப்பாயில் சேர்த்து முறையாக எடுக்கிறவரிடம் கொடுத்துத் துண்டு வாங்குங்கள். உரிமம் எடுக்க வரும் அதிகாரிக்காக இல்லை, பக்கத்து வீட்டுக்காரருக்காக.

பதியாத வாகனத்தை "ஒரு ரவுண்ட் ஓடிப்பாருங்கோ" என்று வாடிக்கையாளரிடம் கொடுத்து வீதியில் விடுவதும் கூடாது. அதற்குத்தான் விற்பனையாளருக்கென்று கராஜ் நம்பர் இருக்கிறது. அதை எடுத்து, காப்புறுதியும் போட்டு, உங்கள் ஆள் பக்கத்தில் இருந்தபடி ஓடவிடுங்கள்.

வர்த்தமானியை வாசிக்கிற பழக்கம் கட்டாயம் வேண்டும். 2026 வரவு செலவுத் திட்டத்தில் வாகனத்துக்கான 2.5 சதவீத சமூகப் பாதுகாப்பு வரியை விற்கும்போது அறவிடாமல் ஏப்ரல் முதல் இறக்கும்போதே அறவிட முன்மொழிந்தார்கள். பத்திரிகையில் அது இரண்டு வரிச் செய்தி, ஆனால் வாகனம் விற்கமுன்னரே அந்தக் காசை நீங்கள் கையிலிருந்து போடவேண்டும் என்பதுதான் அதன் பொருள். நான் வேலை பார்க்கும் இடங்களில் ஒவ்வொரு காருக்கும் ஒரு கோப்பு. அதன் மட்டையில் சிவப்புப் பேனையால் மூன்று திகதி எழுதுவோம்: எல்சி திறந்த நாள், சுங்கத்தால் வெளியே வந்த நாள், பதிந்து முடிக்கவேண்டிய கடைசி நாள். திங்கட்கிழமை காலையில் கடை திறந்ததும் முதலில் அந்த மட்டைகளைத்தான் பார்க்கிறோம், காரின் தூசி தட்டுவது அதற்குப் பிறகு.