எஸ்பி-1200ல் அந்தக் கரகரப்பை வரவழைப்பது எப்படி

பெரிய தொகை கொடுத்து எஸ்பி-1200 என்ற பழைய ட்ரம் சாம்ப்ளரை (ஒலித் துண்டுகளைப் பதிவு செய்து திருப்பி ஒலிக்கும் மெஷின்) வாங்கி, ஒரு ட்ரம் லூப்பை (திரும்பத் திரும்ப ஓடும் தாளத் துண்டை) அப்படியே பதிவு செய்து அப்படியே ஒலிக்கவிட்டு, "இதற்கா இவ்வளவு விலை" என்று நொந்துபோகிறவர்கள் உண்டு. நியாயம்தான். அது பதிவு செய்யும் 12 பிட், 26.04 கிலோஹெர்ட்ஸ் தரத்தைச் சும்மா கேட்டால் மேல் ஒலிகள் கொஞ்சம் மங்கியிருக்கும், அவ்வளவுதான். அசல் அழுக்கு, அந்தக் கரகரப்பு, பிட்ச்சை (சுருதியை) இறக்கும்போதுதான் வரும்.

1987ல் இமு நிறுவனம் விட்ட இந்த மெஷினில் மொத்தமே 10 விநாடி சாம்ப்ளிங் நேரம், அதிலும் ஒரு சாம்பிள் (பதிவு செய்த துண்டு) 2.5 விநாடியைத் தாண்டக்கூடாது. இதைச் சமாளிக்கத்தான் நியூயார்க் ஹிப்-ஹாப் தயாரிப்பாளர்கள் நிமிடத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய எல்பி இசைத்தட்டை 45ல் ஓடவிட்டுப் பதிவு செய்து, உள்ளே போன பிறகு பிட்ச்சை இறக்கினார்கள். 10 விநாடியில் பதிமூன்றரை விநாடி இசை அடங்கிவிடும். ஆனால் பிட்ச்சை இறக்கும்போது மெஷின் இடைப்பட்ட மதிப்புகளைக் கணக்கிட்டு நிரப்புவதில்லை, இருக்கிற மதிப்பையே திரும்பச் சொல்லி ஒப்பேற்றுகிறது. அதனால் மூலத்தில் இல்லாத ஒலிகள் மேலே முளைத்து, தகரம் உரசுவது போல ஒரு ரீங்காரம் சேரும். நமக்கு வேண்டியது அதுதான்.

ஆகவே இசைத்தட்டை 45ல் ஓட்டுங்கள். கம்ப்யூட்டரில் இருக்கும் கோப்பு என்றால் பிட்ச்சை 5 செமிடோன் (அரைச்சுரம்) ஏற்றி அனுப்புங்கள், ஆனால் வேகமும் சேர்ந்து ஏற வேண்டும்; வேகத்தையும் பிட்ச்சையும் பிரிக்கும் டைம்-ஸ்ட்ரெட்ச் போட்டால் காரியம் கெட்டுவிடும். லெவலை நன்றாகத் தூக்கி வையுங்கள், ட்ரம்மில் கிக்கும் ஸ்னேரும் லேசாகக் கிளிப் ஆனால் (உச்சி வெட்டுப்பட்டால்) இன்னும் நல்லது. ஹை-ஹாட்டுக்கு (ஜோடித் தாளத்தட்டுக்கு) மட்டும் வேண்டுமென்றே லெவலைக் குறைத்துப் பாருங்கள்: ஒவ்வொரு 6 டெசிபல் குறையும்போதும் ஏறக்குறைய ஒரு பிட் போகும், 24 டெசிபல் குறைத்தால் கையில் மிஞ்சுவது 8 பிட், இரைச்சலோடு பொரிந்துகொண்டு வரும். அப்புறம் எல்லாவற்றின் பிட்ச்சையும் மெஷினுக்குள் 5 செமிடோன் இறக்குங்கள்.

எந்தச் சேனல் வழியாக வெளியே விடுகிறோம் என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. 1, 2ல் நகரும் ஃபில்டர் (மேல் ஒலிகளை அடைப்பது) உண்டு, பேஸும் கனமான கிக்கும் அங்கே போகட்டும். 3 முதல் 6 வரை நிலையான ஃபில்டர். 7, 8ல் ஃபில்டரே கிடையாது, முளைத்த ரீங்காரம் முழுசாக வெளியே வரும். ஸ்னேர், ஹை-ஹாட் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு அங்கே தள்ளுங்கள்.

அகாய் எஸ்950 என்ற இன்னொரு பழைய சாம்ப்ளர் வைத்திருந்தால் வழி வேறு. அதுவும் 12 பிட்தான், ஆனால் பிட்ச்சை ஒழுங்காக இறக்கும், எஸ்பியின் ரீங்காரம் கிடைக்காது. அதில் விளையாட வேண்டியது பேண்ட்விட்த்தில், அதாவது எவ்வளவு உயர்ந்த ஒலி வரை பதிவாகும் என்ற அமைப்பில். சாம்ப்ளிங் ரேட் அதைப்போல இரண்டரை மடங்கு, ஆக 6 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் ரேட் 15க்கு இறங்கி ட்ரம் தடித்துப்போகும். ஒரு லூப்பின் மேல் பகுதியை ஃபில்டரால் அடைத்துவிட்டு பேஸை மட்டும் உருவி எடுக்க இதைவிட நல்ல பெட்டி எனக்குத் தெரியாது.

மெஷின் கையில் இல்லையா, லேப்டாப்பிலும் பாதி தூரம் போகலாம். பிட்டைக் குறைக்கும் பிட்கிரஷரைக் கடைசியில் மாட்டுவதுதான் வழக்கமான தப்பு. ஏற்றிய ஒலியை முதலில் 12 பிட், 26 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைத்து ஒரு கோப்பாக எடுத்துவிட்டு, இன்டர்போலேஷனை (இடைப்பட்ட மதிப்புகளைக் கணக்கிட்டு நிரப்புவதை) அணைக்கக்கூடிய ஏதாவது ஒரு சாம்ப்ளரில் போட்டு, அதற்குப் பிறகு இறக்குங்கள்.

பழைய மெஷின் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. அமெரிக்காவிலிருந்து வந்ததென்றால் பின்னால் ஒட்டியிருக்கும் வோல்டேஜைப் பார்க்காமல் நம் 230ல் சொருகாதீர்கள். ஃபிளாப்பி டிரைவைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் பென் டிரைவ் சொருகும் யூஎஸ்பி எமுலேட்டர் மாட்டிக்கொள்ளலாம், ஒலியில் ஒரு மாற்றமும் வராது.