முதல் டேக்கை நம்பி ஆள் எடுக்காதீர்கள்

முதல் படத்துக்கு நடிகர் தேடுகிறவர்கள் வழுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். போட்டோவை மட்டும் பார்த்து எடுப்பது, நண்பனுக்காக ஒரு கேரக்டரை ஒதுக்கிவைப்பது போன்றவை தவறு என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்தேதான் செய்கிறார்கள். அவற்றை விட்டுவிடுவோம்.

மொட்டையான அழைப்பு

"வயது 25 முதல் 30, நடிக்கத் தெரிந்த ஆண் தேவை" என்று போட்டால் புரொஃபைல்கள் வந்து குவியும், ஒன்றும் தேறாது. ஐந்தாறு வரி எழுதுங்கள். அந்த ஆளுக்கு என்ன வேண்டும், எதை மறைக்கிறான், கோபம் வந்தால் கத்துவானா அடங்கிப்போவானா, நீச்சலோ பைக்கோ கட்டாயம் தெரிந்திருக்க வேண்டுமா? நீச்சல் தெரியும் என்று பத்துப் பேர் சொன்னால் பத்துப் பேரையும் தண்ணீரில் இறக்கிப் பார்த்த பிறகே நம்புங்கள். நெருக்கமான காட்சிகள் இருந்தால் அதையும் அழைப்பிலேயே சொல்லிவிட வேண்டும். ஒப்பந்தம் போட்ட பிறகு சொல்வது ஏமாற்று வேலை.

ஆடிஷனுக்கு அழுகைக் காட்சி

கதை தெரியாமல் வருகிறவரிடம் கிளைமாக்ஸைக் கொடுத்தால் அவரால் கண்ணீரை மட்டும்தான் காட்ட முடியும். இரண்டு பக்கத்துக்கு மிகாத, நடுவில் ஒருமுறை மனநிலை திரும்புகிற காட்சி ஒன்று. பேசுவதைவிடக் கேட்பது அதிகமாக இருக்கும் காட்சி இன்னொன்று. ஒரு நாள் முன்பாகவாவது அனுப்பிவிடுங்கள். மனப்பாடப் போட்டி நடத்தவில்லை நீங்கள்.

முதல் டேக்கிலேயே "ஓகே, ஃபிக்ஸ்"

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். எரிச்சலும் இதில்தான் அதிகம்.

நடிகர் வருகிறார். கண்ணாடி முன்னால் நின்று பழகிய ஒரு டேக்கைக் கொடுக்கிறார். அறையே கைதட்டுகிறது, ஆள் முடிவாகிவிடுகிறது. படப்பிடிப்பில் இயக்குநர் "இந்த வரியைக் கொஞ்சம் சாதாரணமாகச் சொல்லுங்க" என்கிறார். அதே ஏற்ற இறக்கம், அதே இடத்தில் அதே பெருமூச்சு. ஏழாவது டேக்கிலும் அதுவே வருகிறது. அவரிடம் இருந்தது அந்த ஒன்றுதான். வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது, யூனிட் மொத்தமும் நிற்கிறது. படபடப்பில் முதல் டேக்கைச் சொதப்பிய இன்னொருவர், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்படியே மாறிக் காட்டியிருப்பார். அவரை அன்றே வீட்டுக்கு அனுப்பியாயிற்று.

முதல் டேக்கை அவர் போக்கில் விடுங்கள். முடிந்ததும் ஒரே ஒரு திருத்தம் சொல்லுங்கள். "கோபமா பண்ணுங்க" என்று உணர்ச்சியின் பெயரைச் சொன்னால் குரலை உயர்த்துவார், அவ்வளவுதான். "எதிரில் இருக்கிறவர் கிளம்பப் பார்க்கிறார், தடுத்து நிறுத்துங்க" என்று செயலாகச் சொல்லுங்கள். மூன்றாவது டேக்குக்கு நேரெதிரான ஒன்று: "அவர் போனால் போதும் என்றிருக்கிறது, ஆனால் சொல்ல முடியவில்லை." எந்த டேக் அழகு என்பதைப் பிறகு பார்க்கலாம். ஒரு டேக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே என்ன மாறியது? சத்தம் மட்டும்தானா, அல்லது பார்வையும் இடைவெளியும் சேர்ந்து மாறினவா? ஒருவருக்கு 15 நிமிடமாவது வேண்டும். மணிக்கு நான்கு பேருக்கு மேல் அழைத்தால் இது நடக்காது.

எதிர் வசனம் படிப்பவர் மொபைலைப் பார்த்து ஒப்பித்தால் நல்ல நடிகரும் மரமாகத்தான் தெரிவார். அவரை லென்ஸுக்கு ஒட்டினாற்போல், நடிகரின் கண் உயரத்தில் உட்கார வையுங்கள். இயக்குநரே படிக்க வேண்டாம். தாளைப் பார்த்துக்கொண்டு முகத்தையும் பார்க்க முடியாது. மார்பளவு ஃபிரேம் ஒன்று, குளோசப் ஒன்று எடுத்து மானிட்டரில் பாருங்கள். அறையில் அசத்திய நடிப்பு குளோசப்பில் மிகையாகத் தெரியலாம். சும்மா நின்றதுபோல் இருந்தவர் அங்கே நிறைந்திருக்கலாம். கடைசி வரி முடிந்தவுடன் கட் சொல்லாமல் ஐந்து விநாடி ஓடவிடுங்கள். வசனம் இல்லாதபோது அந்த முகத்தில் என்ன ஓடுகிறது என்பதும் தெரிய வேண்டும்.

நல்ல நடிகராக இருப்பது மட்டும் போதாது. 1985இல் வந்த 'பேக் டு த ஃப்யூச்சர்' படத்தில் முதலில் நாயகனாக நடித்தவர் எரிக் ஸ்டோல்ட்ஸ். திறமைசாலிதான். பல வாரம் படம்பிடித்த பிறகே, அந்த நகைச்சுவைக்கு அவர் நடிப்பு கனமாக இருக்கிறது என்று இயக்குநர் ராபர்ட் செமெக்கிஸ் முடிவுக்கு வந்தார். மைக்கேல் ஜே. ஃபாக்ஸை வைத்து அந்தக் காட்சிகளை மறுபடி எடுத்தார்கள். அந்தத் தயாரிப்பு அதைத் தாங்கியது. உங்கள் முதல் படம் தாங்காது.

ஜோடியைச் சேர்த்து நிற்க வைக்காதது

தனித்தனியே பிரமாதம், பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அண்ணன் தங்கை. இறுதிச் சுற்றில் இருவர் இருவராக மாற்றி மாற்றி ஒரே காட்சியைப் படிக்க வையுங்கள். உயர வித்தியாசம், ஒருவர் பேசும்போது மற்றவர் உண்மையில் கேட்கிறாரா என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். அப்பா, மகன் தேர்வுக்கும் இதேதான்.

குரலை மறப்பது

சிங்க் சவுண்டா (படப்பிடிப்பிலேயே குரலைப் பதிவது), டப்பிங்கா என்பதை ஆடிஷனுக்கு முன்பே முடிவுசெய்யுங்கள்.

ஃபாலோயர் கணக்கு

லைக் போடுகிறவர் டிக்கெட் வாங்குவார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

கால்ஷீட்டை வாய்வார்த்தையில் விடுவது

தேதி மட்டும் கேட்டால் போதாது. தாடி, தலைமுடி எப்படி இருக்கும் என்றும் கேளுங்கள். அதே மாதம் வேறு படத்துக்காக மொட்டையடித்திருந்தால் தேதி கிடைத்தும் பயனில்லை. 'பேக் டு த ஃப்யூச்சர்' படத்துக்கும் ஃபாக்ஸ்தான் செமெக்கிஸின் முதல் விருப்பம், தொலைக்காட்சித் தொடரால் தேதி கிடைக்கவில்லை. பிறகு வந்தபோதும் பகலில் தொடர், இரவில் படம் என்று ஓட வேண்டியிருந்தது. பேட்ச் வேலைக்கான (விடுபட்டதைப் பிறகு எடுப்பதற்கான) நாட்களையும் சேர்த்து எழுத்தில் வாங்குங்கள். முதல் ஆள் கையெழுத்துப் போடும் வரை இரண்டாம் இடத்தில் இருப்பவருக்கு மறுப்புச் சொல்ல வேண்டாம், கையெழுத்தான அன்றே போன் செய்து சொல்லிவிடுங்கள்.