அரிய ஆங்கிலச் சொற்களைக் கற்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லடியில் மாலை வகுப்பு நடத்தும் நான், உயர்தரப் பரீட்சை முடித்து ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்னும் ஆங்கிலத் திறன் தேர்வுக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தும்போதெல்லாம், இருபது ஆண்டுகளுக்கு முன் நானே விட்ட பிழைகளைக் காண்கிறேன். எழுத்துப் பிழையும் உச்சரிப்புப் பிழையும் பழகப் பழகத் திருந்திவிடும். அவற்றை இங்கே பேசவில்லை.

ஒரு சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று மனனம் செய்தல்

இதுவே பெருங்கேடு. 'நொட்டோரியஸ் – புகழ்பெற்ற' என்று என் கொப்பியில் எழுதியிருந்தேன். ஆழிப்பேரலைக்குப் பின், 2005இல், தொண்டு நிறுவனமொன்றில் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு விண்ணப்பித்தபோது, எனக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியரை அந்தச் சொல்லாலேயே போற்றியிருந்தேன். நேர்முகத் தேர்வில் என் கடிதம் மேசைமேல் கிடந்தது. அந்த ஒரு சொல்லின் கீழ் மட்டும் சிவப்புக் கோடு. கெட்ட பெயரால் ஊரறிந்தவரையே அச்சொல் குறிக்கும் என்பதை அங்கேதான் அறிந்தேன். வேலை போனதைவிட, என் ஆசிரியரை என் கையாலேயே இழிவுபடுத்தினேன் என்பதே இன்றும் உறுத்துகிறது.

சென்ற வாரம் மாணவி ஒருத்தி, மட்டக்களப்பு வாவியைக் காக்க 'சிம்ப்ளிஸ்டிக்' திட்டம் வேண்டும் என்று எழுதியிருந்தாள். அவளுடைய பட்டியலில் அதற்கு 'எளிமையான' என்று பொருள். உண்மையில், சிக்கலானதை மேலோட்டமாகப் பார்த்து எளிதாக்கிவிடும் குறையையே அது சுட்டும். கைபேசியில் சுற்றும் அந்த இரு நிரல் பட்டியல்களைக் கண்டாலே எனக்குக் கோபம் வருகிறது. ஒரு சொல் புகழுரையா வசையா என்பதை அவை சொல்வதேயில்லை. மொட்டுக்குள் இருக்கும் மணத்தை வள்ளுவர் 'நாற்றம்' என்றார். இன்று மணப்பெண்ணின் மாலையை அச்சொல்லால் பாராட்ட முடியுமா? 'எக்ரீஜியஸ்' என்பதும் அப்படித்தான்: மந்தையிலிருந்து தனித்து நிற்பது என்னும் இலத்தீன் பொருளில் பிறந்து, முன்பு சிறப்பைக் குறித்து, இப்போது படுமோசமானதைக் குறிக்கிறது. எனவே அகராதியின் எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் சேர்த்தெழுதி, பக்கத்தில் 'புகழ்' அல்லது 'இகழ்' என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நாளுக்கு ஐம்பது சொல்

வேண்டாம். வாரத்துக்கு ஐந்து போதும்.

துணைச் சொல்லை விட்டுவிடுதல்

'இன்க்ளெமென்ட்' என்பதைக் 'கடுமையான' என்று படித்துவிட்டு, வினாத்தாள் கடுமையாக இருந்தது என்பதற்கும் அதையே எழுதுகிறார்கள். அது பெரும்பாலும் 'வெதர்' என்பதோடுதான் சேரும். காற்றும் மழையுமாக வாவி பெருகிக் கிடக்கும் மார்கழி நாளுக்குப் பொருந்தும். ஐ.ஈ.எல்.ரி.எஸ். எழுத்துத் தேர்வை மதிப்பிடும் நான்கு அளவுகோல்களில் சொல்வளமும் ஒன்று. அங்கே அரிய சொல் இருக்கிறதா என்பதோடு, அது தன் துணைச் சொல்லோடு இயைந்து நிற்கிறதா என்பதும் பார்க்கப்படுகிறது.